மனநல ஆலோசனையைத் தொடங்கும் முன்: எதை முதலில், எதைப் பிறகு

மதுரையில் ஓர் ஆலோசனை மையத்தில், புதிதாக வருபவர்களின் விவரங்களைக் கேட்டுப் பதிவு செய்யும் பணியில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். அதற்கு முன் நானே எட்டு மாதங்கள் ஓர் ஆலோசகரிடம் போய் வந்தவன். இரண்டாம் அமர்வோடு நின்றுவிட்டவர்களின் அட்டைகளைப் புரட்டும்போதெல்லாம் ஒரே விஷயம்தான் கண்ணில் படும்: முதல் நாளுக்கு முன்பே முடித்திருக்க வேண்டிய வேலைகளை அவர்கள் விட்டிருப்பார்கள், அல்லது வரிசை மாற்றிச் செய்திருப்பார்கள். அந்த வரிசையைத்தான் இங்கே தமிழ்நாட்டுச் சூழலை வைத்து எழுதுகிறேன்.

1. அவசரமா, காத்திருக்கலாமா என்று முதலில் பாருங்கள்

நல்ல ஆலோசகரிடம் நேரம் கிடைக்கச் சில நாட்களோ சில வாரங்களோ ஆகலாம். அவ்வளவு நாள் பொறுக்கக் கூடாத நிலைகள் உண்டு. சாக வேண்டும் என்ற எண்ணத்தோடு எப்படி, எப்போது என்ற திட்டமும் மனத்தில் இருப்பது, யாரும் இல்லாதபோது குரல்கள் கேட்பது, பல நாட்கள் தூங்காமலேயே களைப்பின்றி ஓடிக்கொண்டிருப்பது, சாப்பாடும் தண்ணீரும் அறவே நின்றுபோவது, தினமும் நிறையக் குடித்துவந்தவர் திடீரென நிறுத்தியபின் கைநடுக்கமும் குழப்பமும் வருவது ஆகியவை அத்தகையவை. இவற்றுக்கு ஆலோசகரின் நாற்காலி இடமில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், தேவைப்பட்டால் 108-ஐ அழைக்க வேண்டும். குடியைத் திடீரென நிறுத்துவதால் வலிப்புகூட வரலாம் என்பதைப் பல குடும்பங்கள் அறியாமல், 'நல்லதுதானே, நிறுத்திட்டாரு' என்று நிம்மதியாக இருந்துவிடுகின்றன.

பேச ஆள் வேண்டும், ஆனால் மருத்துவமனைக்குப் போகும் அளவு இல்லை என்றால் 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். இது 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையின் எண். கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். தற்கொலைத் தடுப்புக்காகச் சென்னையில் 1986-இல் இருந்து இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050.

தற்கொலைக்கு முயன்றவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று தயங்கி வீட்டிலேயே வைத்துப் பார்த்த குடும்பங்களை அறிவேன். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், வேறுவிதமாக நிரூபிக்கப்பட்டால் ஒழிய அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்கிறது. மருத்துவமனையில் விவரம் எழுதிக்கொள்வார்கள். அதற்குப் பயந்து ஒரு நிமிடத்தைக்கூட வீணாக்க வேண்டாம்.

2. உடம்பைப் பரிசோதித்துவிட்டு வாருங்கள்

தைராய்டு சுரப்பி மந்தமானால் சோர்வு, ஆர்வமின்மை, எடை கூடுதல், மறதி எல்லாம் வரும். அதுவே மிகையானால் படபடப்பும் தூக்கமின்மையும் வரும். இரத்தசோகையும் வைட்டமின் பி12 குறைவும் இதேபோல மனச்சோர்வின் வேடம் போடும். எனவே பொது மருத்துவரிடம் சொல்லித் தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, பி12 ஆகியவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. நெஞ்சு படபடப்புதான் முக்கியத் தொல்லை என்றால் ஒரு இ.சி.ஜி.யும் எடுக்க வேண்டும். பிரசவமான பெண்களுக்கு இந்தப் படி இன்னும் முக்கியம். அந்த மாதங்களில் தைராய்டுக் கோளாறும் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வும் இரண்டுமே வரக்கூடியவை, வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தோன்றுபவை.

இதை ஏன் முன்னால் செய்ய வேண்டும் என்றால், மூன்று மாதம் பேசியும் சோர்வு தீரவில்லை என்று ஆலோசனையின்மேல் நம்பிக்கை இழந்தபின் தைராய்டைக் கண்டுபிடிப்பது இரட்டை நட்டம். அறிக்கை எல்லாம் சரியாக இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள். 'எல்லாம் நார்மல், உனக்கு ஒண்ணுமில்ல' என்று வீட்டில் சொல்வார்கள். இரத்தத்தில் ஒன்றும் இல்லை என்பது மட்டுமே அதன் பொருள்.

3. யார் யார் என்பதைப் பிரித்தறியுங்கள்

நம் ஊரில் கவுன்சிலிங் என்ற சொல்லைக் கேட்டால் பாதிப் பேருக்கு இன்ஜினியரிங் சேர்க்கைதான் நினைவுக்கு வரும். மீதிப் பேர் வெள்ளைக் கோட்டு போட்ட எல்லாரையும் மனநல டாக்டர் என்பார்கள். வேறுபாடு தெரியாமல் போனால் மாத்திரை வேண்டியவர் பேச்சுக்கும், பேச்சு வேண்டியவர் மாத்திரைக்கும் போய் நிற்பார்.

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்பின் எம்.டி., டி.பி.எம். அல்லது டி.என்.பி. என மனநலத்தில் மேற்படிப்பு முடித்தவர். நோயைக் கண்டறியவும் மருந்து எழுதவும் அவரால் முடியும். கூட்டமான புறநோயாளர் பிரிவில் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்கு மேல் அவரால் உங்களோடு பேச முடியாது. அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மருத்துவ உளவியலாளர் என்பவர் இந்திய மறுவாழ்வு மன்றம் அங்கீகரித்த பயிற்சியை முடித்து அங்கே பதிவு செய்தவர், எம்.ஃபில். மருத்துவ உளவியல் என்ற பட்டத்தை இவர்களில் பலரிடம் காணலாம். உளவியல் சோதனைகள் செய்வதும் முறையான பேச்சு சிகிச்சை அளிப்பதும் இவர் வேலை. மருந்து எழுத மாட்டார்.

ஆலோசகர் அல்லது ஆலோசனை உளவியலாளர் என்ற பெயரில்தான் கவனம் தேவை. உளவியலில் முதுகலைப் பட்டம் பெற்று, மூத்தவர்களின் மேற்பார்வையில் பல ஆண்டுகள் வேலை செய்த அருமையான ஆலோசகர்கள் இருக்கிறார்கள். வார இறுதியில் நடந்த ஒரு பயிற்சி முகாமில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு அதே பெயர்ப்பலகையை மாட்டியவர்களும் இருக்கிறார்கள். மருத்துவருக்கு உள்ளதுபோல் இவர்களுக்குக் கண்டிப்பான உரிம முறை நடைமுறையில் வேரூன்றவில்லை. ஆகையால் சரிபார்க்கும் பொறுப்பு உங்களுடையதாகிறது.

மணவாழ்க்கைச் சிக்கல், துக்கம், தேர்வு பயம், வேலை இழப்பு, முடிவெடுக்க முடியாத தவிப்பு போன்றவற்றுக்கு ஆலோசகரிடமே தொடங்கலாம். தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுப்போய் அன்றாட வேலையே நடக்கவில்லை என்றால் மனநல மருத்துவரை ஒருமுறை பார்த்துவிட்டு ஆலோசனைக்கு வருவது சரியான வரிசை. இரண்டும் ஒரே காலத்தில் நடக்கலாம். பலருக்கு அப்படித்தான் நடக்கிறது.

4. தொலைபேசியிலேயே கேட்டுவிட வேண்டியவை

நேரம் வாங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் பேசுங்கள். என்ன படித்திருக்கிறீர்கள், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள், என் மாதிரிப் பிரச்சினைகளை எத்தனை ஆண்டுகளாகப் பார்க்கிறீர்கள், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறீர்கள், என் நிலை கடுமையானால் எந்த மனநல மருத்துவரிடம் அனுப்புவீர்கள் என்று கேட்கலாம். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மவர்கள் கூசுகிறார்கள். பயிற்சி பெற்றவர் எவரும் இதற்குக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கோபப்பட்டால் உங்களுக்கு வேண்டிய விடை அப்போதே கிடைத்துவிட்டது. மறுவாழ்வு மன்றத்தின் இணையதளத்தில் பதிவு பெற்றவர்களைத் தேடிப் பார்க்கவும் முடியும்.

'மூன்றே அமர்வில் குணம்', 'நூறு சதவீத உத்தரவாதம்', ஆறு மாதக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி என்று சொல்லும் இடங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஆண்பிள்ளைக்கு ஆண்பிள்ளைமேல் ஈர்ப்பு வருவதை மாற்றித் தருகிறேன் என்பவரிடம் எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள், பிள்ளையையும் அழைத்துப் போகாதீர்கள். அது நோய் அன்று. அப்படி மாற்ற முயல்வது மருத்துவ நெறிக்கும் புறம்பானது.

சொந்தக்காரர், குடும்ப நண்பர், உங்கள் மேலதிகாரியின் மனைவி போன்றவர்கள் எவ்வளவு நல்ல ஆலோசகராக இருந்தாலும் வேண்டாம். கல்யாண வீட்டில் எதிரெதிரே பந்தியில் உட்கார வேண்டியவரிடம் நீங்கள் எல்லாவற்றையும் சொல்ல மாட்டீர்கள். சொல்லாமல் விட்டதில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும்.

5. பணம், நேரம், இடம்

தனியார் ஆலோசனையில் ஓர் அமர்வுக்கு ஐந்நூறு ரூபாயிலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் வரை வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன். ஓர் அமர்வு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை. தொடக்கத்தில் வாரம் ஒருமுறை. எனவே ஓர் அமர்வின் கட்டணத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், எட்டு அமர்வுகளுக்குக் கணக்குப் போடுங்கள். இரண்டாயிரம் ரூபாய்க்காரரிடம் மூன்று முறை போய்ப் பணமில்லாமல் நிற்பதைவிட, அறுநூறு ரூபாய்க்காரரிடம் பத்து முறை போவது மேல். குறைத்துத் தர முடியுமா என்று கேட்பதும் வழக்கத்தில் உள்ளதுதான். வருமானத்துக்கேற்ப வாங்கும் மையங்கள் உண்டு.

கையில் பணமே இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும், மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும், சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் மருத்துவரைப் பார்க்கலாம், மருந்தும் இலவசம். காலையிலேயே ஓ.பி. சீட்டு போட வேண்டும், காத்திருக்க வேண்டும். உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டம் சொன்னாலும், பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றால்தான் பணம் தருகின்றன. அமர்வுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

நேரத்தில் எல்லாரும் செய்யும் பிழை, மதிய உணவு இடைவேளையில் அமர்வை வைத்துக்கொள்வது. அழுத கண்ணோடு இரண்டு மணிக்கு அலுவலகக் கூட்டத்தில் உட்கார வேண்டியிருக்கும் என்ற நினைப்பே உங்களை அமர்வில் வாய்திறக்க விடாது. முடிந்தபின் அரை மணி நேரமாவது வேறு வேலை இல்லாதபடி வைத்துக்கொள்ளுங்கள். இருசக்கர வாகனத்தில் வந்தவர் ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம்.

காணொளி வழியாகப் பேசுவதாக இருந்தால் இடத்தை முதலில் தேடுங்கள். அடுத்த அறையில் மாமியார் தொலைக்காட்சி பார்க்கும் வீட்டில் மாமியாரைப் பற்றி எப்படிப் பேசுவது? நிறுத்தி வைத்த காரில் உட்கார்ந்தும், மாலையில் மொட்டை மாடியில் நின்றும் பேசியவர்கள் இருக்கிறார்கள். காதுக்கருவி போட்டுக்கொண்டால் எதிராளியின் குரல் வெளியே கேட்காது, உங்கள் குரல் கேட்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

6. வீட்டில் யாரிடம் சொல்வது

எல்லாரிடமும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஒருவரிடம் மட்டும் சொல்லி வையுங்கள். கடினமான அமர்வுக்குப் பின் உங்கள் முகம் வாடியிருந்தால் கேள்வி கேட்காமல் இருக்க ஒருவராவது வேண்டும். கல்யாண வயதில் பிள்ளை இருக்கிறது, வெளியே தெரிந்தால் வரன் அமையாது என்ற அச்சத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. அதனால்தான் ஊர் முழுக்கச் சொல்வதற்கும் ஒருவரிடமும் சொல்லாமல் புழுங்குவதற்கும் நடுவே இந்த ஓர் ஆளைச் சொல்கிறேன்.

நீங்கள் வேறொருவரை அழைத்து வருபவராக இருந்தால் ஒன்றே ஒன்று: பொய் சொல்லி அழைத்து வராதீர்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகலாம் என்று சொல்லி ஒரு கல்லூரிப் பெண்ணைப் பெற்றோர் எங்கள் மையத்துக்குக் கூட்டி வந்தார்கள். பெயர்ப்பலகையைப் படித்ததும் அந்தப் பெண்ணின் முகம் மாறியதை இன்னும் மறக்க முடியவில்லை. ஒரு மணி நேரம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்; மறுபடி அவள் வரவே இல்லை. 'நீ தூங்காம இருக்கிறதப் பாத்து எனக்குக் கஷ்டமா இருக்கு, ஒரு தடவ போய்ப் பேசிப் பாப்போம், புடிக்கலன்னா வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் போதும். அவர் மறுத்தால் முதலில் நீங்கள் மட்டும் போய், அவரோடு எப்படி நடந்துகொள்வது என்று கேட்டு வரலாம்.

7. ஒரு பக்கத் தாள்

முதல் அமர்வுக்கு முந்திய இரண்டு நாளில் இதை எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். எப்போது தொடங்கியது, அப்போது வாழ்வில் என்ன நடந்தது, இரவு எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு விழிக்கிறீர்கள், எந்த அன்றாட வேலை தடைப்படுகிறது, என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள், குடி, புகை உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்கேனும் மனநோயோ தற்கொலையோ இருந்ததா, முன்பு யாரிடமாவது சிகிச்சை பெற்றீர்களா என்பவை அதில் இருக்கட்டும். பூசாரியிடமும் ஜோசியரிடமும் போயிருந்தால் அதையும் எழுதுங்கள், வெட்கப்பட ஏதுமில்லை. குடியை மறைத்துச் சொல்வதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. மறைத்தால் மருந்தும் பேச்சும் இரண்டுமே தவறான திசையில் போகும்.

எழுதும்போது நம் மொழியில் ஒரு சிக்கல் வரும். 'ஒரு மாதிரியா இருக்கு' என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம். அது தவறில்லை, அங்கிருந்தே தொடங்குங்கள். ஆனால் அடுத்த வரியில் அந்த மாதிரி எந்த மாதிரி என்று எழுதுங்கள். நெஞ்சில் பாரமா, வயிற்றில் பிசைவதா, பயமா, கோபமா, எதுவுமே தோன்றாத மரத்துப்போன நிலையா, காலையில் அதிகமா, விளக்கு வைக்கும் நேரத்திலா? நம்மில் பலர் துக்கத்தைத் தலைவலியாகவும் நெஞ்செரிச்சலாகவும்தான் உணர்கிறோம் என்பதால் உடம்பின் சொற்களையே தயங்காமல் பயன்படுத்தலாம்.

தாளின் கடைசி வரியில் எது மாற வேண்டும் என்பதை எழுதுங்கள். 'சந்தோஷமா இருக்கணும்' என்று எழுதினால் எட்டு வாரம் கழித்து நடந்ததா இல்லையா என்று பார்க்க வழியில்லை. 'காலையில் ஏழு மணிக்கு எழுந்து பிள்ளைகளுக்கு நானே சாப்பாடு கட்ட வேண்டும்' என்று எழுதினால் பார்க்கலாம்.

8. முதல் அமர்வில் என்ன நடக்கும்

முதல் அமர்வு பெரும்பாலும் கேள்விகளாகவே போகும். தீர்வு எதுவும் கிடைக்கவில்லையே என்று ஏமாற்றத்தோடு வெளியே வருபவர்கள் அதிகம். ஆலோசனை என்ற சொல்லே இதற்குப் பாதிக் காரணம். அந்தச் சொல் ஒருவர் நமக்கு யோசனை சொல்வார் என்று எண்ண வைக்கிறது. ஊர்ப் பெரியவரிடம் பஞ்சாயத்துக்குப் போகும் மனநிலையில் வந்து, 'யார் மேல தப்பு, நீங்களே சொல்லுங்க' என்று கணவனும் மனைவியும் கேட்பார்கள். ஆலோசகர் தீர்ப்புச் சொல்ல மாட்டார், விவாகரத்து செய் என்றோ செய்யாதே என்றோ சொல்ல மாட்டார். முடிவெடுக்க முடியாமல் உங்களைத் தடுப்பது எது என்பதை உங்களோடு சேர்ந்து பிரித்துப் பார்ப்பார். அந்த வேலை உங்களுடையதும்தான். வீட்டில் எழுதிவரச் சொல்லி ஏதேனும் தந்தால் அதைச் செய்யாமல் அடுத்த வாரம் போவதில் பயன் குறைவு.

இரகசியத்தைப் பற்றி முதல் பத்து நிமிடத்துக்குள் கேட்டுவிடுங்கள். உங்கள் விவரங்கள் இரகசியமாக இருக்க வேண்டும் என்பது 2017 சட்டத்தின் 23-ஆம் பிரிவு தரும் உரிமை. அதற்கு எல்லைகளும் உண்டு: உங்கள் உயிருக்கோ பிறருக்கோ ஆபத்து இருந்தால், நீதிமன்றம் கேட்டால், ஆலோசகர் சொல்ல வேண்டியிருக்கும். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைமேல் பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிப்பது கட்டாயம். இந்த எல்லைகளைத் தாமாகவே சொல்பவர் தொழிலை அறிந்தவர்.

உடன் வந்த அம்மாவோ கணவரோ அறைக்குள் உட்காரலாமா என்பதையும் அப்போதே முடிவு செய்ய வேண்டும். என் எண்ணத்தில், குறைந்தது பாதி நேரமாவது நீங்கள் தனியாக இருக்க வேண்டும்.

9. முதல் ஆறு வாரங்கள்

இரண்டாம், மூன்றாம் அமர்வுகளுக்குப் பின் மனம் முன்பைவிடக் கலங்கியிருப்பது சிலருக்கு நடக்கும். நெடுநாள் மூடி வைத்ததைத் திறந்தால் அப்படித்தான். அதை மறுமுறை ஆலோசகரிடமே சொல்லுங்கள். சொல்லாமல் நின்றுவிடுவதுதான் பிழை. இந்த வாரங்களில் வேலையை விடுவது, வீட்டை விட்டு வெளியேறுவது, நிச்சயதார்த்தத்தை முறிப்பது போன்ற முடிவுகளைத் தள்ளிப் போடுங்கள். வீட்டில் அடி, உதை இருந்தால் இது பொருந்தாது. அங்கே பாதுகாப்பே முதல் வேலை, 181 என்ற பெண்கள் உதவி எண் அதற்கு இருக்கிறது.

மனநல மருத்துவர் மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதியிருந்தால், அது வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். பத்தாம் நாள் 'பலன் இல்ல' என்று நிறுத்துவதும், மூன்றாம் மாதம் 'சரியாயிடுச்சு' என்று நிறுத்துவதும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் எரிச்சலும் தூக்கக் கேடும் வரலாம். அளவைக் குறைப்பதை மருத்துவர் செய்யட்டும். ஆலோசகர் உங்களை மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அது அவர் எல்லையைத் தாண்டிய பேச்சு.

10. ஆறாம் அமர்வில் தாளை எடுத்துப் பாருங்கள்

நான்கு முதல் ஆறு அமர்வுகளுக்குள் அந்த ஒரு பக்கத் தாளை ஆலோசகரோடு சேர்ந்து மறுபடி படியுங்கள். கடைசி வரியில் எழுதியது முழுதும் நடந்திருக்காது. வாரத்தில் இரண்டு நாள் நடந்திருந்தால் அதுவே வழி சரி என்பதற்கு அடையாளம். எதுவுமே நகரவில்லை என்றால், 'இந்த முறை எனக்கு ஒத்துவரவில்லை என்று நினைக்கிறேன்' என்று நேரடியாகச் சொல்லுங்கள். அணுகுமுறையை மாற்றுவார், அல்லது வேறொருவரிடம் அனுப்புவார். ஒரே நேரத்தில் இரண்டு ஆலோசகர்களிடம் போய் ஒப்பிட்டுப் பார்ப்பது மட்டும் வேண்டாம். ஒருவர் திறந்ததை இன்னொருவர் அறியாமல் மூடுவார்.

ஆளை மாற்றும்போது, இதுவரை பேசியதன் சுருக்கத்தை ஒரு கடிதமாகக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் புதியவரிடம் முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் அழுது சொல்ல வேண்டியிருக்கும். பலர் அந்த இடத்தில்தான் களைத்துப்போய் விடுகிறார்கள். ஆலோசகர் கையைப் பிடிப்பது, தனிப்பட்ட முறையில் வெளியே சந்திக்க அழைப்பது, கடன் கேட்பது ஆகியவற்றில் ஒன்று நடந்தாலும் கடிதத்துக்கும் காத்திருக்க வேண்டாம், அன்றே நின்றுவிடுங்கள்; நம்பகமான ஒருவரிடம் சொல்லுங்கள், அந்த ஆலோசகர் பதிவு பெற்றவர் என்றால் மறுவாழ்வு மன்றத்தில் புகார் கொடுங்கள்.

நன்றாகிக்கொண்டு வரும்போது வாரம் ஒருமுறை என்பதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை என்று ஆக்கி, இது கடைசி என்று இருவருக்கும் தெரிந்த ஓர் அமர்வோடு முடிப்பது நல்லது. அந்த நாளில், மறுபடி சரியத் தொடங்கினால் முதலில் என்ன தெரியும் என்பதை ஆலோசகரோடு உட்கார்ந்து எழுதுங்கள். எனக்கு அது அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வருவதும், வருகிற போன்களை எடுக்காமல் விடுவதும். பழைய தாளின் பின்பக்கத்திலேயே அதை எழுதி, முதலில் விஷயத்தைச் சொன்ன அந்த ஒருவரிடமும் காட்டி வைத்திருக்கிறேன்.